கடைசிப் பிடி எடுத்தவன்

ஐந்து மணிக்கு எழும்புகிறேன். கிணற்றில் இரண்டு வாளி அள்ளுகிறேன். ஒன்று குளிக்க, ஒன்று குசினிக்கு. மோட்டர் போடுவதில்லை. சுபஹ் தொழுதுவிட்டு வரும் வழியில் பத்து இடியப்பமும் சம்பலும் வாங்குகிறேன். ஆறு சாப்பிடுகிறேன். மிச்சம் நாலும் மாமியின் கோழிகளுக்கு. தேத்தண்ணி ஒரு கோப்பை. சட்டைக்கு அயன் போடுகிறேன். ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஏழு மாதமாக இப்படித்தான்.

இன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அதனால் அயன் இல்லை. ஒரு வேலை மட்டும் கூடுதலாகச் செய்தேன். குசினிச் சுவரில் இருக்கும் மோட்டர் சுவிச்சைப் போட்டுவிட்டு, காலில் செருப்போடு பின்பக்கம் போய், இரும்புப் பைப்பில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். சிவப்பு எரிந்தது. திரும்பி வந்து சுவிச்சை அணைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரமே, கரண்ட் கசிந்தால் விழும் ட்ரிப் சுவிச்சைத் தாண்டி மெயின் பெட்டியில் வயரைக் கட்டிவிட்டேன். இனி அது விழாது. ஏழு மாதத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது எல்லாம். அன்று அந்தப் பைப்பைப் பிடித்திருக்க வேண்டியவன் றாஸிக். இன்று பிடிப்பான்.

இந்த வீடு என்னுடையது அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாமி தன் வளவில் பாதியைப் பிரித்து மகள் ஹிமாயாவுக்குக் கட்டிக்கொடுத்தது. நான் இறக்காமத்திலிருந்து ஒரு சூட்கேசோடும் ஒரு பெட்டி புத்தகத்தோடும் கல்முனைக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளை. சுவர் இருந்தது, கூரை இருந்தது. மற்றதெல்லாம் மெல்ல மெல்ல நாங்கள் செய்ததுதான். நாங்கள் என்றால் நாலு பேர். தச்சு வேலை செய்யும் பளீல். என்னோடு படிப்பிக்கும் துசாந். ஃபேன், ரைஸ் குக்கர் திருத்தும் கடை வைத்திருந்த றாஸிக். நான். சனிக்கிழமைகளில் ஒருவன் வீட்டில் கூடுவோம். ஒருவனுக்குக் கதவு, ஒருவனுக்கு மலசலகூடத்து மாபிள், ஒருவனுக்குக் கோழிக்கூடு. கூலி கிடையாது. அந்த வீட்டில் நாங்களே சமைத்து, ஒரு சஹனில் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தப் பெரிய தட்டை யார் கழுவுவது என்று ஒவ்வொரு முறையும் சண்டை வந்தது. அதனால் ஒரு சட்டம் போட்டோம். கடைசிப் பிடி சோற்றை எடுத்தவன் கழுவ வேண்டும்.

பெரும்பாலும் றாஸிக்தான் கழுவுவான். ஒரு பருக்கை வீணாகப் போக விடமாட்டான்.

அன்றும் அவன்தான் கடைசிப் பிடி எடுத்தான். சஹனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். ஹிமாயா வழியில் மறித்துப் பறித்துக்கொண்டாள். "கொண்டாங்க காக்கா. காலத்தால புடிச்சு ட்ரிப்போட மாரடிச்சது போதும்."

அன்று காலையிலிருந்து மோட்டர் போடும்போதெல்லாம் ட்ரிப் விழுந்தது. றாஸிக் அதைத் தாண்டி டைரக்ட் கொடுத்தான். மோட்டருக்குள் எங்கோ கரண்ட் கசிந்து இரும்புப் பைப் வழியாக வந்திருக்கிறது. பின்பக்கத்துப் பைப்புக்குத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து லைன் இல்லை. மோட்டர் போட்டால்தான் தண்ணீர் வரும். றாஸிக் மோட்டரைப் போட்டான். அவள் வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் நின்று பைப்பைப் பிடித்திருந்தாள்.

விசாரணை அறிக்கையில் எழுதியிருப்பது இதுதான். றாஸிக் தன் வாயால் சொன்னது. கையெழுத்தும் வைத்தான். ஊர் அதை மறக்கவில்லை. அவனிடம் ஃபேன் கொடுக்க ஆள் இல்லாமல் போனது. மூன்றாம் மாதம் கடையை மூடினான். இப்போது வாடகை ஓட்டோ ஓடுகிறான்.

அது போதாது என்று எனக்குப் பட்டது. ஒருவன் ஓட்டோ ஓடுவது தண்டனையா? காலையில் எழும்புகிறான். அவன் பெண்சாதி தேத்தண்ணி கொடுக்கிறாள். நான் அதை ஒவ்வொரு நாளும் நினைத்தேன், இடியப்பம் பிய்க்கும்போது.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"சனிக்கிழமை வா. குசினிக்கு ராக்கை அடிக்கணும்."

"நானா?"

"நீயும்தான். மத்த ரெண்டு பேருக்கும் சொல்லிட்டன்."

"சரி மச்சான்" என்றான். குரல் உடைந்திருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ராக்கை ஹிமாயா கேட்டது. மசாலாத் தகரங்களை வைக்க இடமில்லை என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் பளீல் வந்தான், தோளில் பலகையோடு. குசினிக்குள் மூக்கை நீட்டினான்.

"என்ன மாஸ்டர், ஏழு மாசமா இஞ்ச உல வெக்கல்லயா? பல்லிதான் குடும்பம் நடத்துது."

"கடைச் சாப்பாடு."

"ஓம், வயிறும் கடை மாதிரித்தான் இரிக்கி. எப்பவும் பூட்டு."

துசாந் கோழியும் வெங்காயமும் வாங்கி வந்தான். வெங்காயப் பையைப் பளீல் அவன் மடியிலேயே திருப்பி வைத்தான்.

"நான் உரிக்க மாட்டன். போன வருசம் முழுக்க நான்தான் அழுத" என்றான் துசாந்.

"உனக்காகத்தானே மாடு போடாம கோழி போடுறம். நன்றிக்கு உரி."

"எனக்காகவா? மாட்டுக்குத்தானே நீங்க உசிர் பிச்ச குடுத்த. மாடு வந்து உரிக்கட்டும்."

பளீல் சிரித்தான். நானும் சிரித்திருப்பேன் போல. துசாந் என்னைப் பார்த்துவிட்டு உரிக்கத் தொடங்கினான்.

"ஒரு விசயம்" என்றேன். "பின்பக்கத்துப் பைப்புல ஒருத்தரும் கை வெக்காதீங்க. தண்ணி வாளியில இரிக்கி."

இருவரும் தலையாட்டினார்கள். அந்தப் பைப்பைப் பற்றி என்னிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

றாஸிக் கடைசியாக வந்தான். ஓட்டோவைத் தெருவிலேயே விட்டுவிட்டு கேற்றில் நின்றான். மெலிந்திருந்தான். ஒரு கையில் தன் பழைய சாமான் பெட்டி. மறு கையில் இரண்டு பிளாஸ்டிக் பைப்.

"வரலாமா?"

"வா."

செருப்பைக் கழற்றி வெளியே வைத்தான். எப்போதும் அப்படித்தான், வெறுங்காலோடு வீடு முழுக்கத் திரிவான். அது எனக்குத் தெரியும். அதையும் கணக்கில் எடுத்திருந்தேன்.

"தாங்கியிலிரிந்து அந்த லைன இழுத்திரலாமென்டு பைப் கொண்டுவந்த" என்றான். "இரும்பக் கழட்டி எறிஞ்சிட்டா..."

"சாப்பிட்டுட்டுப் பாப்பம்."

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பைப்பைச் சுவரில் சாத்தினான்.

வேலை நடந்தது. பளீல் பலகையை அளந்து அறுத்தான். நான் அரிசி களைந்தேன். துசாந் கோழிக்கு உப்பும் மஞ்சளும் தயிரும் பிசைந்தான். நெய்யில் ஏலமும் கறுவாப் பட்டையும் விழுந்ததும் வீட்டில் பழைய மணம் வந்தது. நான் வாசல்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

ராக்கைக்கு மேல் ஆணி அடிக்க றாஸிக் முக்காலியில் ஏறினான். மெயின் பெட்டி அங்கேதான், அவன் முகத்துக்கு நேரே. அதன் மூடி உடைந்து நாளாகிவிட்டது. இதை நான் யோசிக்கவில்லை. சுத்தியல் சத்தம் நின்றது. நான் சோற்றுப் பானையைக் கிண்டிக்கொண்டு திரும்பாமல் நின்றேன். எண்ணினேன். பன்னிரண்டு வரை எண்ணியதும் சுத்தியல் மீண்டும் அடித்தது.

"எப்பிடி, நேரா இரிக்கா?" என்று கேட்டான்.

"எடப்பக்கம் சரிவு" என்றான் பளீல். "ஓட்டோ ஓடி ஓடி உனக்கு எல்லாம் எடப்பக்கம்தான்."

றாஸிக் இறங்கினான். அவன் பார்க்கவில்லை என்று முடிவு செய்தேன்.

ளுஹர் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். நடு வீட்டில் பாய். சஹன் மாமியுடையது, எப்போதும்போல் மதிலுக்கு மேலால் கேட்டு வாங்கினது. யார் யார் வருகிறார்கள் என்று மாமி கேட்டபோது, பளீலும் துசாந்தும் என்று மட்டும் சொன்னேன். நெய்ச்சோறு, கோழி, கத்தரிக்காய்ப் பொரியல், அச்சாறு. நாலு பக்கத்திலிருந்து நாலு கை.

றாஸிக் தன் பக்கத்தில் இருந்த கோழிக்காலை விரலால் தள்ளி என் பக்கத்துக்கு அனுப்பினான். நான் அதைத் தொடவில்லை. சோறு குறையக் குறைய அந்தக் கால் நடுவில் தனியாகக் கிடந்தது. பளீல் எடுத்துவிட்டான்.

"சண்ட முடியுமட்டும் கோழி காவலிருக்குமா?" என்றான்.

நான் நேரத்தோடு கையை எடுத்தேன். துசாந் அடுத்தது. பளீல் ஏப்பம் விட்டான். சஹனில் ஒரு பிடி சோறு மிச்சம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசிப் பிடியிலதான் பறக்கத்து" என்றான் பளீல். "ஆருக்கு வேணும்?"

"பறக்கத்தும் அவனுக்கு, கழுவுறதும் அவனுக்கு" என்று துசாந் றாஸிக்கைக் காட்டினான். பழக்கத்தில் வந்த பகிடி. சொன்ன பிறகுதான் அன்றைய நாள் அவனுக்கு ஞாபகம் வந்தது. முகம் மாறியது. "இல்ல, விடுங்க, நான்..."

"நான் எடுக்கன்" என்றான் றாஸிக்.

ஒரு பருக்கையும் விடாமல் வழித்து வாயில் போட்டான். சஹனைத் தூக்கினான். அவர்கள் இருவரும் முன்வாசலுக்குப் போனார்கள். பளீல் ஃபோனில் கிரிக்கெட் வைத்தான்.

நான் குசினிக்குள் போனேன். மோட்டர் சுவிச் ஜன்னலுக்குப் பக்கத்தில். ஜன்னலால் பார்த்தால் பைப் தெரியும். தொழுதுவிட்டு வந்த கையோடு அங்கே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். சீமெந்து இன்னும் ஈரம்.

றாஸிக் வெறுங்காலோடு அந்த ஈரத்தில் போய் நின்றான். சஹனைக் கீழே வைத்தான். பைப்பைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. கையை எடுக்கவில்லை. மற்றக் கையையும் அதன்மேல் வைத்தான்.

என் விரல் சுவிச்சில் இருந்தது. ஏழு மாதமாக இந்த இடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் முதுகு எப்படி வளையும் என்பது வரைக்கும்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"பஸால். போடு."

நான் போடவில்லை.

"பெட்டியப் பாத்தன்" என்றான். சாதாரணமாகச் சொன்னான், ஆணி சரிவென்று சொல்வதுபோல. "நான் கட்டினத விட வடிவா கட்டிரிக்காய். போடு மச்சான்."

"தெரிஞ்சிட்டு ஏன் புடிச்சிட்டு நிக்காய்?"

"அண்டைக்கும் நான்தானே கழுவ இரிந்த."

விரலை எடுத்தேனா, அது தானாக விழுந்ததா தெரியாது. மெயின் சுவிச்சை இழுத்துக் கீழே போட்டேன். முன்வாசலில் ஃபேன் நின்றது. "கரண்ட் போயிட்டு" என்று பளீல் சொன்னது கேட்டது. நான் வெளியே போய் றாஸிக்கின் கைகளைப் பைப்பிலிருந்து பிடுங்கினேன்.

இனி அறிக்கையில் இல்லாதது.

அன்று றாஸிக் டைரக்ட் கொடுக்க மறுத்தான். "மோட்டர்ல லீக் இரிக்கி. கழட்டிப் பாக்கணும். இண்டைக்குக் கிணத்துல அள்ளுவம்" என்றான். நான்தான், "சாப்பிட்டுட்டுப் பாப்பம், இப்ப டைரக்ட்ட குடு" என்றேன். அவன் திரும்பவும் மறுத்தான். "விஞ்ஞானம் படிப்பிக்கிறது நீயா நானா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கட்டினான். அப்போது ஒருமுறை மோட்டர் போட்டோம். திறந்த பைப்பின் கீழ் வாளி இருந்தது, நிறைந்தது. பைப்பை யாரும் தொடவில்லை. நான், "பாத்தியா?" என்றேன்.

சாப்பிட்ட பிறகு இதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று சுவிச்சைப் போட்டதும் நான்தான்.

விசாரணைக்கு வந்தவர் கேட்டார், மோட்டரைப் போட்டது யார் என்று. என் வாய் திறக்கவில்லை. மாமி என் பக்கத்தில் நின்றார். றாஸிக், "நான்தான்" என்றான். டைரக்ட் கொடுக்கச் சொன்னது யார்? "ஒருத்தரும் சொல்லல்ல. நானாத்தான் குடுத்த." பளீலும் துசாந்தும் அவனைப் பார்த்தார்கள். பிறகு நிலத்தைப் பார்த்தார்கள்.

"ஏன் அப்பிடிச் சொன்ன நீ?" என்று இப்போது கேட்டேன். அவன் கைகள் இன்னும் என் பிடியில் இருந்தன.

"நீ வாய் திறக்கல்ல. ஆராவது ஒராள் சொல்லத்தானே வேணும்."

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

"மாமிக்குத் தெரிஞ்சா உன்ன இந்த வீட்டுல வெச்சிரிப்பாவா? ஹிமாயாட சாமானெல்லாம் இஞ்சதானே கிடக்கு. இறக்காமத்துக்குப் போய் என்ன செய்வாய், ஆன விரட்டுவியா?"

"உண்ட கட போயிட்டே."

"கடதானே" என்றான்.

அப்போது அவனை அடித்தேன். கன்னத்தில். அவன் தடுக்கவில்லை. அவன்மேல் இருந்த ஆத்திரம் ஒரு துளியும் குறையவில்லை. இந்த வீட்டில் நான் உட்கார்ந்து இடியப்பம் தின்ற ஒவ்வொரு காலையும் அவன் தந்தது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அதைத் தந்த, அதைத் தெரிந்த அந்த ஆளை இல்லாமல் ஆக்கப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்யப் பார்த்தது.

மதிலில் இருக்கும் சின்னக் கதவு திறந்தது. மாமி சஹனை எடுக்க வந்தார். றாஸிக்கைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு அப்படியே நின்றார்.

"இவனுக்கு இந்த வளவுல என்ன வேல?"

றாஸிக் குனிந்து சஹனை எடுத்து நீட்டினான்.

"கீழ வைடா அத. உண்ட கை பட்ட சஹன் எனக்கு வேணாம்."

வைத்தான்.

"மகன், நீங்களா கூப்பிட்ட இவன?" என்று என்னிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவனிடம் திரும்பினார். "எண்ட புள்ள கலிமாவோட போன. நாக்குல கலிமாவோட. அது ஒண்டுதான் எனக்கு மிச்சம். அத நெனச்சித்தான் நான் படுத்து எழும்புற. நீ எதோட போவாய்டா?"

றாஸிக் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கன்னத்தில் என் விரல் அடையாளம் இருந்தது.

உயிர் பிரியும்போது சொல்ல வேண்டிய அந்தக் கலிமா, நான் கொடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்ன மகன், ஏதாவது சொன்னாவா?" என்று கேட்டார். "கலிமா சொன்ன மாமி" என்றேன். அடுத்த நாள் ஊர் முழுக்க அது தெரிந்திருந்தது. நாற்பதாம் நாள் கத்தத்தில் லெப்பையும் அதைச் சொல்லித்தான் துஆ ஓதினார்.

"மாமி" என்றேன்.

"பஸால், வாயப் பொத்து" என்றான் றாஸிக்.

"மாமி, மோட்டரப் போட்டது இவன் இல்ல. நான். ட்ரிப்பத் தாண்டிக் கட்டச் சொன்னதும் நான். இவன் ஏலாதென்டுதான் சொன்ன."

மாமி என்னைப் பார்த்தார். என்ன மொழி என்று தெரியாததுபோல் பார்த்தார். முன்வாசலிலிருந்து பளீலும் துசாந்தும் வந்து குசினிக் கதவடியில் நின்றார்கள். பளீல் ஃபோனை அணைத்தான்.

"இல்ல மாமி, இவருக்கு மனசு சரியில்ல..." என்று தொடங்கினான் றாஸிக்.

"ஹிமாயா கலிமா சொல்லல்ல" என்றேன். "அதுக்கு நேரம் இருக்கல்ல."

மாமி மதிலைப் பிடித்தார். அந்தச் சின்னக் கதவு அவருக்குப் பின்னால் திறந்தே கிடந்தது. கோழி ஒன்று உள்ளே வந்து சஹனில் கொத்தியது. அதில் ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு கேட்டார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"அப்ப என்ன சொன்ன எண்ட புள்ள?"

நான் நின்ற இடத்தைக் காட்டினேன். ஜன்னலை. பிறகு அவள் நின்ற இடத்தை. அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே, கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் அவசரமாகச் சொன்னேன்.

"மோட்டரப் போடுங்க, தண்ணி வருதில்ல."